பளை மணற்காட்டில் ஒரு வான்கோழிக்காக

சனிக்கிழமை, விடிவதற்குச் சற்று முன். மாசிப் பனி உரும்பிராய்த் தோட்டங்களின் மேல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. புகையிலைக் கன்றுகள் அதற்குள் மூழ்கிக் கிடந்தன. கிணற்றுத் துலாக்களின் தலைகள் மட்டும் வெளியே தெரிந்தன. நான் சந்தியில் யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நின்றேன். தோளில் ஒரு துணிப்பை. கையில் பழைய வேட்டியால் சுற்றிக் கட்டிய என் வில்லும் ஆறு அம்புகளும்.

பளைக்குக் கிழக்கே மணற்காட்டில் வில்லால் வான்கோழி அடித்தேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. இந்த நாட்டுக் காட்டில் வான்கோழி ஏது என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். அந்தப் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் தம்முடைய மார்கழி நத்தார் விருந்துக்காக வான்கோழி வளர்த்து வந்தார். ஜப்பான்காரன் கொழும்பிலும் திருக்கோணமலையிலும் குண்டு போட்டதும் துரை பட்டாளத்துக்குப் போய்விட்டார். பங்களாவைப் பூட்டினார்கள். தீனி போட ஆளில்லாத வான்கோழிகள் சில நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பற்றைக் காட்டுக்குள் நடந்து போயின. ஒரு மாரி கழிவதற்குள் மரத்தில் உறங்கவும், நரிக்குத் தப்பவும், மனிதன் போட்டதைத் தின்னாமல் தாமாகவே தேடித் தின்னவும் பழகிவிட்டன.

நான் வேட்டைக்காரன் அல்லன். யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவன். யுத்தத்தால் கடதாசி கிடைக்காமல் கிழமையில் மூன்று நாள்தான் வேலை. வில் என் கைக்கு வந்தது கோயிலால். எங்கள் ஊர் வேட்டைத் திருவிழாவில் சுவாமி வேட்டைக்குப் புறப்படும்போது வேடன் வேஷம் கட்டி முன்னால் ஓடி, வாழைக்குற்றிக்கு அம்பு விடுகிறவன் நான்தான். வருஷத்தில் ஒரு நாள் செய்கிற இந்த வேலைக்கு ஊரில் கிடைக்கிற மதிப்பு கொஞ்சமல்ல. அந்த மதிப்பைக் காப்பாற்ற வேண்டுமே என்று மற்ற நாட்களில் கோப்பாய் வெளியில் கௌதாரி அடித்துப் பழகினேன். கௌதாரி பெரும்பாலும் தப்பிவிடும். வாழைக்குற்றி ஒருநாளும் தப்பியதில்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் தங்கை பாக்கியம். போன புதன்கிழமை அவளுடைய புருஷன் வல்லிபுரம் அச்சுக்கூட வாசலில் வந்து நின்றார். அவர் அந்தத் தென்னந்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மூன்று வருஷமாக எங்கள் வீட்டுக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கலியாணத்தன்று அவருடைய சிற்றப்பனை முதற் பந்தியில் இருத்த மறந்துபோனோம். இரண்டாம் பந்திக்குக் கூப்பிட்டபோது அந்த மனிதர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். “போறவரை மறிக்கிற பழக்கம் எனக்கில்லை” என்று ஐயா சொன்னார். என் தகப்பனாரின் வாய் அப்படி. அவ்வளவுதான் நடந்தது. சிற்றப்பன் போன வருஷம் செத்தும் போனார். கோபம் மட்டும் கல்லுப்போல் இருந்தது. சொல்லி அழைக்காத வீட்டுப் படியை மிதிக்கிறவனுக்கு மானமில்லை என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். அவர்கள் சொல்லவில்லை, நாங்கள் போகவில்லை.

“மச்சான், ஒரு விசயம் கதைக்க வேணும்” என்றார் வல்லிபுரம்.

“கதையும்.”

“பாக்கியத்துக்கு ஆறு மாசம். முந்தி ஒண்டு தங்கேல்லை. உங்களுக்கு அது தெரியாது. இப்ப ஒண்டும் தின்னுறாளில்லை. தண்ணி குடிச்சாலும் சத்தி. எலும்பும் தோலுமாய்ப் போனாள். உப்பிடியே போனால் தாயும் மிஞ்சாது, பிள்ளையும் மிஞ்சாது எண்டு பளை ஆஸ்பத்திரி அப்போதிக்கரி சொல்லிப் போட்டார். என்ன வேணும், என்ன வேணும் எண்டு கேட்டு, போன கிழமைதான் வாய் திறந்தாள். வான்கோழி இறைச்சி வேணுமாம்.”

கண்ணி வைக்கலாமே என்றேன். தோட்டத்து வேலையாள் ஒருவன் வைத்து ஒரு பேடும் அகப்பட்டதாம். கண்ணியில் நெரிபட்டது வேண்டாம், அம்பால் அடித்ததென்றால்தான் தின்பேன் என்று சொல்லிவிட்டாளாம். சுடலாமென்றால் தோட்டத்துத் துவக்கைப் பொலிசார் கொண்டுபோய்விட்டார்கள். “நீரே ஒரு வில்லைச் செய்து அடிக்கிறதுதானே” என்று கேட்டேன். அவர் இரண்டடி பின்வாங்கினார்.

“என்ன மச்சான் கதைக்கிறியள்? வயித்துப் பிள்ளைக்காரியின்ரை புருசன் உயிர் கொல்லலாமோ?”

அதுவும் சட்டம்தான். பிள்ளைத்தாய்ச்சியின் ஆசையை மறுக்கக் கூடாது; அவளுடைய புருஷன் ஓர் உயிரைக் கொல்லவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு அந்த மனிதர் இளைத்துப் போயிருந்தார். எனக்குக் கலியாணம் ஆகவில்லை. எனவே என் கைக்கு விலக்கில்லை. அம்மா செத்தபோது பாக்கியத்துக்கு ஆறு வயது. அவளை வளர்த்ததில் பாதிப் பங்கு என்னுடையது. பந்தியாவது சிற்றப்பனாவது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

அன்று பின்னேரம் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புகையிலைக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். மண்வெட்டியால் ஒரு வாய்க்காலை அடைத்து மற்றதைத் திறந்துவிட்டார்.

பஸ்ஸுக்குப் பதினைந்து சதம். யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் பளைக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு அறுபது சதம். வாசலில் நின்ற பொலிஸ்காரர் என் வேட்டிச் சுற்றைத் தட்டிப் பார்த்தார்.

“உதென்ன?”

“வில்லு, ஐயா.”

“ஜப்பான்காரனைச் சுடவோ?”

“இல்லை. வான்கோழிக்கு.”

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ரெயில் நாவற்குழிப் பாலத்தில் ஏறியபோது சூரியன் கிளம்பிக்கொண்டிருந்தது. இருபுறமும் கடல்நீரேரி. எது தண்ணீர், எது பனி என்று பிரிக்க முடியவில்லை. வலை வீசுகிறவன் ஒருவன் இடுப்பளவில் அந்தரத்தில் நின்றான். அவனுக்கப்பால் பூநாரைகள் வரிசையாக நின்றன. பிறகு அவையும் கரைந்து போயின. வண்டிக்குள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், ஆனால் பாலம் கடக்கும் வரையில் ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. எனக்கு எதிரே சாவகச்சேரிக்குப் போகிற புகையிலை வியாபாரி ஒருவர் இருந்தார்.

“தம்பி, உது காவடித் தண்டோ?”

“ஓம்” என்றேன். இரண்டாம் முறை விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

“எந்தக் கோயிலுக்கு?”

“பளைக்கு அங்காலை.”

“நேர்த்தி ஆருக்கு?”

“தங்கச்சிக்கு.”

“எல்லாம் சரிவரும். உந்தக் கோச்சி நேரத்துக்குப் போனால் பூசைக்குப் போய்ச் சேருவாய்” என்று ஆசீர்வதித்துவிட்டு இறங்கினார். நான் சொன்னது முழுப் பொய்யும் அல்ல.

கொடிகாமம் தாண்டியதும் மண் வெளுத்தது. எங்கள் பக்கத்துச் செம்மண்ணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மண்ணாகவே தெரியவில்லை. யாரோ மாவை அரித்துக் கொட்டி வைத்ததைப்போல் இருந்தது. பளையில் வல்லிபுரம் ஒற்றை மாட்டு வண்டிலோடு நின்றார். அங்கிருந்து கிழக்கே மாசார்ப் பக்கமாக ஐந்து மைல். முதற் பாதி வண்டிப் பாதை, மற்றப் பாதி வெறும் மணல். மணலில் இறங்கியதும் சில்லின் சத்தம் நின்றுபோயிற்று. மாடு நடக்கிறது, வண்டில் ஆடுகிறது, தென்னைகள் பின்னால் போகின்றன, ஆனால் ஓர் ஓசையும் இல்லை. இந்தப் பாதைக்கு முடிவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது எங்கோ கடல் இரைந்தது. கடலைக் காணவில்லை.

தோட்டத்தின் ஓரத்தில் ஓலை வேய்ந்த சிறிய வீடு. பாக்கியம் வாசலுக்கு வந்தாள். கழுத்தெலும்பு இரண்டும் வெளியே தெரிந்தன. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வயிறு மட்டும் அவளுடையதில்லாததுபோல் முன்னே நின்றது.

“வாங்கோ” என்றாள். “இருங்கோ. வழியிலை கஷ்டமோ?”

அண்ணை என்று கூப்பிடவில்லை. பிறத்தியாருக்குப் போடுவதைப்போல் ஒரு கதிரையைத் தூக்கிப் போட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. மூன்று வருஷம் நான் இந்தத் திசைக்கே திரும்பிப் பார்க்காதவன். அன்று அவள் ஒரு மிடறு இளநீர் குடித்தாள், அதையும் வேலிக்கரையில் போய்ச் சத்தியெடுத்தாள். வல்லிபுரம் என்னைப் பார்த்தார். நான் வில்லை அவிழ்த்து நாணைப் பூட்டிப் பார்க்கத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை. வல்லிபுரம் முதல்நாளே எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தார். தோட்டத்துக்கு அப்பால் தரவை. புல் குட்டையாக வளர்ந்த உப்பு வெளியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவோம். அதன் நடுவில் மாரித் தண்ணீர் தேங்கிய ஒரு சிறு குளம், வான்கோழிகள் காலையில் தண்ணீர் குடிக்கிற இடம். குளக்கரையில் பச்சைத் தென்னோலையால் ஒரு குடில் கட்டியிருந்தார். உள்ளே இருவர் குந்தியிருக்கலாம். அம்பு விட ஒரு துவாரமும் இருந்தது. கொல்லக் கூடாதவர் குடில் கட்டலாமா என்று நான் கேட்கவில்லை.

இருட்டோடு போய் உட்கார்ந்தோம். நுளம்பு எங்களைக் கடித்துத் தின்றது. வெளிச்சம் வந்தபோது, தூரத்துப் பாலை மரத்திலிருந்து வான்கோழிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பறந்தன என்று சொல்ல மாட்டேன். பெட்டியைத் தூக்கிப் போட்டதைப்போல் விழுந்தன. பனிக்குள்ளிருந்து கழுத்துகள் மட்டும் வந்தன. பிறகு உடல்கள் வந்தன. சேவலொன்று செட்டைகளைத் தாழ்த்தி, வாலை விரித்து, மணலில் கோடு கிழித்தபடி சுற்றியது. அதன் கழுத்துச் சதை ஒரு நேரம் நீலமாக இருந்தது, மறு நேரம் சிவந்தது. பங்களாத் தோட்டத்தில் கண்டிருந்தால் சிரித்திருப்பேன். அந்த வெளியில், அந்தப் பனியில், அது வேறு ஏதோ உலகத்து ராசா போலத் தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு அம்பைத் தொடுத்தேன்.

முன்னால் வந்த கிழப் பேடு குடிலைக் கண்டது. நின்றது. கழுத்தை நீட்டி ஓலையைப் பார்த்தது, தலையைச் சரித்து மறு கண்ணாலும் பார்த்தது. தென்னந்தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பறவைக்கு நேற்று வெட்டின ஓலை எது, தானாக விழுந்த ஓலை எது என்று தெரியாதா? ஒரு சத்தம் கொடுத்தது. இருபது பறவைகளும் மறுபக்கம் திரும்பி நடந்தன. ஓடக்கூட இல்லை. அந்த அலட்சியம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

“வல்லிபுரம், உம்மடை குடிலை நீரே அவிழ்த்து அடுப்பெரியும்” என்றேன். வாய் ஐயாவுடையது, எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது. அவர் காலில் ஊர்ந்த எறும்பைத் தட்டினார்.

நாங்கள் எழும்பப் போகிற வேளையில் நாகம்மா வந்தாள். தோட்டத்தில் வேலை செய்கிறவள். பாக்கியத்துக்கு ஒத்தாசையாகச் சமைக்கவும் வருவாள். தலையில் விறகுக் கட்டோடு, தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, தரவைக்குக் குறுக்கே நேரே வான்கோழிக் கூட்டத்துக்குள் நடந்தாள். பறவைகள் இரண்டு பக்கமும் விலகி அவளுக்கு வழி விட்டன. அவள் போனதும் மறுபடி கூடிக் கொத்தின. அவள் அவற்றைப் பார்க்கவுமில்லை.

நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். ஒளித்திருந்த எங்களைக் கண்டு விலகிய பறவைகள், ஒளியாமல் போனவளைப் பொருட்படுத்தவே இல்லை. எங்களுக்கு வேண்டியது குடிலல்ல, விறகுக் கட்டு!

அன்று பின்னேரம் முழுவதும் நடந்து பழகினேன். தலையில் காய்ந்த பாளைகளைக் கட்டி வைத்துக்கொண்டு, இடது கையில் வில்லைக் காலோடு சேர்த்துத் தடிபோல் பிடித்து, குறி வைத்த இடத்துக்கு நேரே போகாமல் ஓரமாக, மணலைப் பார்த்தபடி நடக்க வேண்டும். வலது கை அம்புக்கு வேண்டும். ஆகவே கட்டைப் பிடிக்கக் கையில்லை. கட்டு விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. வல்லிபுரம் வான்கோழிக்குப் பதிலாக நின்று, கழுத்தை நீட்டி, “பயந்திட்டன், பயந்திட்டன்!” என்று கத்திக்கொண்டு ஓடினார். மூன்று வருஷம் பேசாத மனிதருடன் இப்படிக் கூத்தாடுகிறேனே என்று எனக்கே வியப்பாக இருந்தது. வேலிப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. பாக்கியம் படலையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் தாங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மூண்டு மாசத்துக்குப் பிறகு இப்பத்தான் சிரிக்கிறாள்” என்றார் வல்லிபுரம் மெதுவாக. கொஞ்ச நேரம் மணலைக் காலால் கிளறினார். “இஞ்சை சுத்திவர நாலு மைலுக்கு எங்கடை ஆக்கள் ஒருத்தருமில்லை மச்சான். நான் காலமை தோட்டத்துக்குப் போனால் இருட்டினாப் பிறகுதான் வாறன். அவள் கடலைக் கேட்டுக்கொண்டு இருப்பாள்.”

திங்கட்கிழமை காலை. பனி முதல்நாளைவிடக் கனம். வல்லிபுரம் தரவையின் ஓரம்வரை வந்து, உயிர் போவதைப் பார்க்கக் கூடாதென்று எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், காதையும் பொத்திக்கொண்டார். நான் தலையில் பாளைக் கட்டோடு வெளியில் இறங்கினேன்.

அந்த நடையை எப்படிச் சொல்வது? முன்னும் பின்னும் ஒன்றுமில்லை. வெள்ளை மணல், வெள்ளைப் பனி. என் கால் எங்கே வைக்கப்படுகிறதென்று எனக்கே தெரியவில்லை. கடல் இரைச்சல் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. நான் யாரையோ தேடி வந்தவன் என்பதே மறந்து, விறகு பொறுக்கப் பிறந்தவன்போல் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் என்னைச் சுற்றிலும் மெல்லிய கொறுகொறுப்புக் கேட்டது. கண்ணை உயர்த்தாமல் பார்த்தேன். கால்கள். சிவந்த, செதிள் பிடித்த கால்கள், என் இரு புறமும் நடந்தன. நான் அவற்றின் நடுவில் இருந்தேன். ஒரு பேடு என் நிழல் விழும் தூரத்தில் புல்லைக் கொத்தியது. அதன் முதுகில் பனித்துளி நின்றது. எனக்கு அழுகை வந்தது. ஏனென்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது. பயமில்லாமல் பக்கத்தில் வருகிற ஒன்றைக் கொல்லப் போகிறவனுக்கு வேறென்ன வரும்?

ஆனால் பாக்கியத்தின் கழுத்தெலும்பும் கண்ணுக்குள் நின்றது. ஓர் இளஞ்சேவல் கூட்டத்திலிருந்து சற்று விலகி, வாலை விரித்துப் பழகிக்கொண்டிருந்தது. நான் அதை ஓரமாகக் கடந்து போவதைப்போல் நடந்தேன். தலையைச் சாய்த்தேன், பாளைக் கட்டு மணலில் விழுந்தது. எல்லாப் பறவைகளும் கட்டைப் பார்த்தன. அந்த ஒரு கணம் போதும். வில்லை உயர்த்தி விட்டேன். அம்பு செட்டைக்கடியில் ஏறியது. சேவல் நாலெட்டு ஓடிக் குளத்து ஓரத்தில் முகம் குப்புற விழுந்தது. மற்றவை இரைந்துகொண்டு பனிக்குள் மறைந்தன. “பொறுத்துக்கொள்” என்று அதன் கழுத்தைத் தொட்டுச் சொன்னேன். இன்னும் சூடாக இருந்தது.

வல்லிபுரம் திரும்பிப் பார்க்காமலே, “முடிஞ்சுதோ?” என்று கேட்டார். முடிந்தது என்றேன். கொன்றதைத் தூக்கவும் அவருக்கு விலக்காம். ஒரு சிறு ஆட்டுக்குட்டியளவு பாரத்தை நானே தோளில் போட்டுக்கொண்டு வந்தேன்.

பாக்கியத்தின் கண்ணில் படாமல் நாகம்மா கொல்லையில் வைத்து உரித்தாள். வறுத்த தூளும் கட்டித் தேங்காய்ப்பாலும் விட்டுக் கறியாக்கினாள். அரிசி கிடைக்காத காலம். குரக்கன் மாவில் புட்டு அவித்தாள். மத்தியானம் வாழையிலை போட்டோம். வல்லிபுரம் தாமே இறைச்சியில் மெதுவான துண்டாகப் பார்த்துப் பாக்கியத்தின் இலையில் வைத்தார். மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் ஒரு துண்டை எடுத்தாள். வாயில் வைத்தாள். இரண்டு தரம் மென்றாள். பிறகு எழுந்து வேலிக்கு ஓடினாள்.

வல்லிபுரம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நாகம்மா சட்டியை மூடினாள். வெளியில் பாக்கியம் ஓங்காளிக்கிற சத்தம் எங்கள் மூவருக்கும் கேட்டது. என் அம்பு, என் நடை, அந்தச் சேவல் எல்லாம் வீண் என்று நினைத்தபோது எனக்குச் சாப்பாடும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம் என்றாயிற்று. இலையில் புட்டைப் பிசைந்தபடி சும்மா இருந்தேன்.

பாக்கியம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். தன் இடத்தில் இருக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். என் இலையைப் பார்த்தாள்.

“அண்ணை, உதிலை ஒரு பிடி தா.”

வெறும் புட்டு. சீனியும் இல்லை, கறியும் படவில்லை. ஒரு பிடி உருட்டி அவள் கையில் வைத்தேன். தின்றாள். கையை நீட்டினாள். இன்னொன்று கொடுத்தேன். அதையும் தின்றாள். அம்மா செத்த வருஷம் இப்படித்தான் என் இலையில் தின்றாள். தன் இலையில் போட்டால் தொடமாட்டாள். புட்டு முடிந்தபோது நாகம்மா சத்தமில்லாமல் இன்னும் கொஞ்சம் கொட்டினாள்.

“சத்தி வரேல்லையோ?” என்று வல்லிபுரம் பயந்து பயந்து கேட்டார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு என்னைப் பாராமல் சொன்னாள்: “வான்கோழியிலை எனக்கென்ன ஆசை இருக்கு? உதுகளின்ரை சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல்.”

“அப்ப ஏனடி கேட்டனீ?”

“வா எண்டு சொல்லி விட்டிருந்தால் வந்திருப்பியோ? ஐயா விட்டிருப்பாரோ? வயித்துப் பிள்ளைக்காரி கேட்டால் ஒருத்தரும் மறுக்கேலாது. வில்லு உன்னட்டை மட்டும்தானே இருக்கு.”

வல்லிபுரம் சிரித்தார். “கண்ணியிலை பட்ட பேட்டை ஏன் வேண்டாமெண்டவள் எண்டு இப்பத்தான் விளங்குது” என்று சொல்லிக்கொண்டே சிரித்தார்; அப்படியே சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் அழுததை நான் காணாததுபோல் இருந்தேன். எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது. ஓர் உயிர் போயிற்றே! ஆனால் அந்த உயிருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவள் அவளல்ல. கூப்பிடாமல் வர மாட்டேன் என்று மூன்று வருஷம் மானத்தைக் கட்டிப்பிடித்திருந்தவர்கள் நாங்கள்.

கறி மிஞ்சியது. கொல்லத்தான் கூடாது, தின்னலாம் என்று வல்லிபுரம் இரண்டு தரம் போட்டுக்கொண்டார். இறைச்சி கொஞ்சம் நார்.

செவ்வாய்க்கிழமை. இரவும் காலையும் என் இலையில் தின்றாள். ஒன்றும் வெளியே வரவில்லை. ஆனால் நான் வண்டிலில் ஏறியபோது, அவள் படலையில் நின்ற நிலையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று மத்தியானம் யார் இலையில் தின்பாள்? “இன்னும் ரெண்டு நாள் நிண்டிட்டுப் போவன்” என்றாள். அச்சுக்கூடம் விடாது என்றேன். மணலில் வண்டில் ஓசையில்லாமல் நகர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது தென்னைகள் அவளை மறைத்துவிட்டன.

பளை ஸ்டேஷனில் ரெயில் வந்து நின்ற பிறகுதான் வல்லிபுரம் சொல்ல வந்ததைச் சொன்னார். சால்வையைத் தோளிலிருந்து எடுத்து அரையில் கட்டிக்கொண்டு, பெரியவர்களிடம் நிற்பதுபோல் நின்று சொன்னார்:

“ஐயாவை வரச் சொல்லி நான் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ, மச்சான். முறையாய்ச் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ.”

கொடிகாமம், சாவகச்சேரி, நாவற்குழி. போகும்போது கனவாகத் தெரிந்த நீரேரி திரும்பும்போது வெயிலில் வெறும் தண்ணீராகக் கிடந்தது. பின்னேரம் உரும்பிராய்ச் சந்தியில் இறங்கினேன். செம்மண் வாசம் முகத்தில் அடித்தது. எங்கள் பக்கத்தில் ஒருத்தி கிணற்றடியில் தும்மினால் நாலு வீட்டிலிருந்து யாரது என்று குரல் வரும். வேலிக்கு மேலால் கறி போகும், சண்டை போகும், சிரிப்புப் போகும். இத்தனை நாளும் அதை இரைச்சல் என்று நினைத்திருந்தேன். அந்த இரைச்சலுக்குள் வளர்ந்த பெண்ணைத்தான் ஓசையில்லாத மணலில் விட்டுவிட்டு, சொல்லவில்லையே என்று மூன்று வருஷம் காத்திருந்தோம்.

ஐயா தோட்டத்தில் நின்றார். புகையிலையின் இலையிடுக்கில் வெடிக்கிற கெண்டுத் தளிரைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நான் வரம்பில் போய் நின்றேன்.

“பறவை கிடைச்சுதோ?”

“ஓம்.”

இரண்டு கன்றுகளுக்குக் கிள்ளினார். மூன்றாவதில் கை நின்றது.

“சாப்பிட்டவளோ?”

“இறைச்சி சாப்பிடேல்லை. என்ரை இலையிலை இருந்த புட்டைச் சாப்பிட்டவள். எங்கடை ஆக்கள் பக்கத்திலை இருந்தால் சாப்பிடுறாள். உங்களை வரச் சொல்லி மருமகன் முறையாய்ச் சொன்னவர்.”

ஐயா வரிசை முடியும்வரை கெண்டு கிள்ளினார். வாய்க்காலில் இறங்கிக் கையைக் கழுவினார், காலைக் கழுவினார், தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்த துணியை முகத்திலிருந்து எடுக்காமலே கேட்டார்:

“பளைக்குக் காலமைக் கோச்சி எத்தனை மணிக்கு?”